திண்ணை மட்டும்

அன்புள்ள ஐயா,

என் சித்தப்பா பாளையங்கோட்டை சிறையில் ஆயுள் கைதி. பதினோரு வருடம் கழித்துப் போன மாதம்தான் முதல்முறையாக லீவில் வந்தார். ஓட்டு வீட்டை இடித்து மாடி எடுத்திருக்கிறோம். முன்திண்ணையை மட்டும் விட்டு வைத்தோம். சித்தி பார்த்துப் பார்த்துச் சமைத்தார். அவரோ உள்ளேயே வரவில்லை, திண்ணையிலேயே கிடந்தார். கொல்லைப்பக்கம் போவதற்குக்கூட "போகட்டுமா?" என்று கேட்டார். விளக்கை அணைத்தால் தூக்கமில்லை. ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார். வீடு அவருக்கு விட்டுப்போய்விட்டதா?

வாசகி, தென்காசி

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கும் அனுமதி கேட்பதும் சிறைப் பழக்கம். உள்ளே ராத்திரி முழுக்க விளக்கு எரியும். அதை விடுங்கள். திண்ணைதான் என்னை உறுத்துகிறது.

முன்பு நண்பன் ஒருவனுக்காக அடிக்கடி 'மனு' பார்க்கப் போவேன். சிறையில் சந்திப்புக்கு அதுதான் பெயர். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது குடும்பம் ஒரே நேரத்தில் கத்தும். அந்தச் சில நிமிடங்களில் கெட்ட சேதி சொல்ல யாருக்கும் மனசு வராது. பக்கத்தில் நின்ற கிழவியிடம் மகன் பசுவைப் பற்றிக் கேட்டான். "சினையா இருக்குப்பா" என்றாள். வெளியே வந்த பிறகுதான், அதை விற்று ஆறு மாசமாச்சு என்று என்னிடம் சொன்னாள். அவன் கன்றுக்குப் பெயர்கூட வைத்திருப்பான்.

இப்படித்தான் கைதான அன்றைக்கு இருந்த வீடு கைதியின் மனசுக்குள் அப்படியே நிற்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 1991 ஜூனில் கைதானபோது வயது 19. முதல் பரோலில் ஜோலார்பேட்டை வீட்டுக்கு வந்தது 2017 ஆகஸ்டில். 26 வருடம்! அவருக்காவது வீட்டில் அம்மா அற்புதம்மாள் இருந்தார். அதே வழக்கில் இருந்த சாந்தன் 2022 நவம்பரில் விடுதலையாகியும் இலங்கைக்காரர் என்பதால் திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. ஊர் திரும்ப அனுமதி வந்த சில நாட்களில், 2024 பிப்ரவரி 28 அன்று, சென்னை மருத்துவமனையில் இறந்துபோனார். யாழ்ப்பாணத்தில் அவருடைய ஊரான உடுப்பிட்டிக்கு உடல்தான் போய்ச் சேர்ந்தது.

உங்கள் சித்தப்பாவுக்கு வீடு விட்டுப்போகவில்லை, அம்மா. அவர் பதினோரு வருடம் தினமும் போய்வந்த வீட்டில் மிஞ்சியிருந்தது திண்ணை மட்டும்தான், அதில் உட்கார்ந்திருந்தார். மாடி எடுப்பதை மனுவில் யாராவது அவரிடம் சொன்னீர்களா? அடுத்த முறை சித்தியைச் சொல்லச் சொல்லுங்கள். ஓடுகளை என்ன செய்தீர்கள், அடுப்படி இப்போது எந்தப் பக்கம், அவருடைய கட்டில் எங்கே கிடக்கிறது, எல்லாவற்றையும். கேட்டு அழுதால் அழட்டும்.