முதல் மான் வேட்டைக்கு அந்தப் பழைய மார்லின் போதுமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் பக்கம் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். இந்த நவம்பரில் மான் வேட்டைக்கு வரச் சொல்லி ஆபீஸ் நண்பர் ஒருவர் கூப்பிடுகிறார். அவருடைய மாமனாரிடம் ஒரு பழைய மார்லின் 336 லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் (டிரிகருக்குக் கீழே உள்ள பிடியை ஆட்டி அடுத்த தோட்டாவை ஏற்றுவது), 30-30 தோட்டா ரகம், விலைக்கு இருக்கிறதாம். கடைக்காரரோ, "அது தாத்தா காலத்துச் சாமான், பேசாமல் போல்ட் ஆக்‌ஷனில் ஒரு 308 வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். போல்ட் என்றால் பக்கவாட்டுக் கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது, 308 இன்னொரு தோட்டா ரகம் என்றும் சொன்னார். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. வாங்கலாமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: துப்பாக்கி இருக்கட்டும், முதலில் விசாவைப் பார்ப்போம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய அரசுச் சட்டம் தடை போடுகிறது. கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்களுக்கும் ஒரு விலக்கு இருக்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த வேட்டை உரிமம் காலாவதியாகாமல் கையில் இருந்தால் வாங்கலாம், வைத்திருக்கலாம். உரிமம் வருவதற்கு முன் நண்பரின் ரைஃபிளைத் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தாலும் தப்புத்தான். "நண்பர் பக்கத்திலேயே இருந்தாரே" என்ற சமாதானம் எடுபடாது.

ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். பென்சில்வேனியா வேட்டை ஆணையத்தின் பயிற்சி வகுப்பு, அதன்பின் உரிமம், அதற்கும் பின்தான் ரைஃபிள். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு வேட்டை என்பதே கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டதால், நம்மில் பெரும்பாலோர் வீட்டில் துப்பாக்கியைப் பார்க்காமலே வளர்ந்தவர்கள். இங்கே பிள்ளைகள் சின்ன வயதிலேயே அப்பா, தாத்தாவோடு காட்டுக்குப் போய்ப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் நமக்கு இல்லை, அதனால் வகுப்பை ஒரு சடங்காக முடித்துவிட்டு வராதீர்கள்.

பலர் கோட்டைவிடும் ஒரு இடம் உண்டு. பென்சில்வேனியா வேட்டை உரிமம் ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரைதான் செல்லும். மான் பருவம் முடிந்ததும் ரைஃபிளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துபோனால், ஜூலை முதல் தேதி காலையில் அதே அலமாரி உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். போனில் இப்போதே நினைவூட்டல் போட்டு வையுங்கள். மனைவி எச்-4 விசாவில் இருந்து, அவருக்கு உரிமம் இல்லையென்றால், அலமாரியின் சாவி உங்களிடம் மட்டுமே இருக்கட்டும். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் என்றால் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பென்சில்வேனியாவில் தனிநபர்கள் தங்களுக்குள் ரைஃபிள் விற்க, வாங்கக் கடைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தாலும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை வழியாகவே வாங்குங்கள். 4473 என்ற மத்திய அரசுப் படிவம், மாநிலப் போலீஸின் பின்னணிச் சோதனை எல்லாம் முடிந்து, சட்டப்படி வாங்கியதற்கான காகிதம் உங்கள் பெயரில் இருக்கும். படிவத்தில் விசா பற்றிக் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, வேட்டை உரிமத்தைக் காட்டுங்கள். மாமனார் ஒஹாயோவிலோ மேற்கு வர்ஜீனியாவிலோ இருக்கிறார் என்றால் கடை வழிதான் ஒரே வழி. மாநிலம் தாண்டி நேராகக் கைமாற்றக் கூடாது.

சரி, இப்போது ரைஃபிள். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 308 தோட்டாவுக்கு வேகமும் அதிகம், எட்டும் தூரமும் அதிகம். வயல்வெளி ஓரத்திலோ, மின்கம்பிப் பாதைக்காக மரம் வெட்டிய நீளமான இடைவெளியிலோ உட்காரப் போகிறீர்கள் என்றால் அவர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் பென்சில்வேனியாவின் ஓக் காடுகளிலும் லாரல் புதர்களிலும் மான் கண்ணில் படுவதே பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள்தான். அந்த வேலையை 30-30 தோட்டா 1895இலிருந்து செய்துகொண்டிருக்கிறது. 150 கிரெயின் (சுமார் பத்து கிராம்) குண்டு நொடிக்குச் சுமார் 2,390 அடி வேகத்தில் கிளம்பும். நூறு கெஜத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி சரிபார்த்து வைத்தால், இருநூறு கெஜத்தில் எட்டு அங்குலம் அளவுக்குத் தாழ்ந்துவிடும். நூற்றைம்பது கெஜம் வரை கவலையில்லை, அதற்கு அப்பால் புதியவர் இதை வைத்து முயல வேண்டாம் என்பது என் கருத்து. தோளில் இடிக்கும் உதையும் மிதமாகவே இருக்கும். முதல் ரைஃபிளுக்கு இது பெரிய விஷயம். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு டிரிகரை இழுக்கும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. யாராவது "லீவர் ஆக்‌ஷன் என்றால் 45-70தான்" என்று, உதை மிக அதிகமான அந்தப் பெரிய தோட்டாவைச் சொல்லி ஆசை காட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்த மாநிலத்தில் லீவர் ஆக்‌ஷன் இன்றும் நிலைத்து நிற்க இன்னொரு காரணமும் உண்டு. மான் வேட்டைக்குக் கையால் இயக்கும் ரைஃபிள்தான் அனுமதி, செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (ஒவ்வொரு முறை சுட்டதும் தானாகவே அடுத்த தோட்டா ஏறுவது) கூடாது. கையால் இயக்குபவற்றில், தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்ற லீவர் மிக வசதியானது. குழல் 20 அங்குலம், எடை ஏழு பவுண்டு சொச்சம். புதருக்குள் நுழைந்து நடக்க நீளமான போல்ட் ரைஃபிளை விட இது சுகம்.

லீவரைக் கீழே தள்ளும்போது போல்ட்டின் பூட்டு இறங்கி, போல்ட் பின்னால் வருகிறது. சுட்ட தோட்டாவின் காலிக்கூடு பக்கவாட்டில் வெளியே தெறிக்கிறது, ஹேமர் (அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) பின்னால் சாய்ந்து தயாராகிறது, குழலுக்குக் கீழே இருக்கும் குழாய் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா வந்து நிற்கிறது. லீவரை மேலே இழுத்தால் அது குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் போய் பூட்டிக்கொள்ளும். புதியவர்கள் செய்யும் தவறு, பயந்து பயந்து லீவரைப் பாதி தூரம் மட்டும் தள்ளுவது. அப்படிச் செய்தால் தோட்டா குறுக்கே சிக்கிக்கொள்ளும். தயங்காமல் கடைசி வரை தள்ளி, கடைசி வரை இழுக்க வேண்டும்.

குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் குண்டு முனை, முன்னால் இருப்பதன் பின்பக்கத்தில் உள்ள பிரைமரில் (அடிபட்டால் தீப்பற்றும் சிறு மூடி) முட்டிக்கொண்டு நிற்கும். கூர்முனைக் குண்டு போட்டால், சுடும்போது வரும் உதையில் அந்த முனையே பிரைமரைக் குத்தி மேகசினுக்குள்ளேயே வெடிக்க வைக்கலாம். அதனால்தான் 30-30 தோட்டாக்கள் தட்டைமுனையோடு வருகின்றன. 150 அல்லது 170 கிரெயின் தட்டைமுனை, இரண்டில் எதுவானாலும் மானுக்குப் போதும். கூராகத் தெரிந்தாலும் ஆபத்தில்லாத விதிவிலக்கு ஹார்னடியின் லீவரெவல்யூஷன். அதன் முனை அழுத்தினால் நசுங்கும் பிளாஸ்டிக். எட்டும் தூரம் கொஞ்சம் கூடும். யாரோ வீட்டில் நிரப்பிக் கொடுத்த தோட்டாவை மட்டும் அன்புக்காகக்கூட வாங்கிப் போடாதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது ஹேமரைப் பற்றி. இந்த ரகத் துப்பாக்கியில் விபத்து நடக்கக்கூடிய இடம் அதுதான். மான் வரும் என்று ஹேமரைப் பின்னால் இழுத்துவிட்டீர்கள், மான் வராமலே போய்விட்டது. இப்போது அறைக்குள் உயிருள்ள தோட்டா, ஹேமர் தயார் நிலையில். அதை இறக்க டிரிகரை இழுத்துத்தான் ஆக வேண்டும். குளிரில் விறைத்த விரல், தடித்த கையுறை, கட்டைவிரல் வழுக்கினால் வெடிதான். குழல் முனையை மெத்தென்ற தரையை நோக்கித் திருப்புங்கள். உங்கள் கால் அந்தத் திசையில் இருக்கக் கூடாது. கையுறையைக் கழற்றுங்கள். குறுக்குப் பொத்தான் பாதுகாப்பு இருக்கும் மாடல் என்றால் முதலில் அதை அழுத்திவிடுங்கள், ஹேமர் நழுவினாலும் தோட்டாவைக் குத்தும் ஊசியைத் தொடாது. பிறகு கட்டைவிரலால் ஹேமரை அழுத்திப் பிடித்து, டிரிகரை இழுத்து, மெல்ல இறக்கி அரைநிலையில் (டிரிகரை இழுத்தாலும் ஹேமர் விழாமல் பாதியில் நிற்கும் நிலை) கொண்டுவந்து நிறுத்துங்கள். 1980களின் நடுப்பகுதிக்கு முன் செய்த 336இல் அந்தப் பொத்தான் கிடையாது, ஹேமரின் அரைநிலை மட்டும்தான். இந்தப் பயிற்சியை வீட்டில் டம்மி தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) வைத்துக் கை தானாகச் செய்யும் வரை பழகிவிட்டுத்தான் காட்டுக்குப் போக வேண்டும். நடக்கும்போது அறை காலியாக இருக்கட்டும், உட்காரும் இடம் வந்த பிறகு லீவரை இயக்கிக்கொள்ளலாம். புதியவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

காலி செய்யும்போதும் கவனம். மேகசினில் உள்ள ஒவ்வொரு தோட்டாவையும் லீவரை ஆட்டி ஆட்டி அறை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். பொத்தான் இருந்தால் அழுத்திக்கொண்டு, விரல் டிரிகர் பக்கமே போகாமல், குழல் பத்திரமான திசையில் இருக்க, நிதானமாகச் செய்யுங்கள். கடைசியில் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் அறை காலிதானா என்று பாருங்கள்.

இனி மாமனாரின் ரைஃபிளுக்கு வருவோம். 336 வந்தது 1948இல், ஆகவே அது எந்த வயதாகவும் இருக்கலாம். 1970களிலிருந்து 1990கள் வரை செய்தது என்றால் சீரியல் எண்ணிலேயே வயது இருக்கிறது: முதல் இரண்டு இலக்கங்களை நூறிலிருந்து கழியுங்கள். 22 என்று தொடங்கினால் 1978. குழலின் பின்பகுதியில் முட்டை வடிவத்துக்குள் ஜே, எம் எழுத்துகள் குத்தியிருந்தால் பழைய கனெக்டிகட் தொழிற்சாலையில் செய்தது, விரும்பி வாங்குகிறார்கள். 2007இல் கம்பெனியை ரெமிங்டன் வாங்கி, உற்பத்தியை நியூயார்க்குக்கு மாற்றிய முதல் சில வருடங்களில் வந்தவற்றைப் பற்றி வேட்டைக்காரர்களிடம் நிறையக் குறை கேட்கலாம், அந்தக் காலத்தது என்றால் இரண்டு முறை பாருங்கள். 2020இல் ரூகர் வாங்கிய பிறகு மறுபடி நன்றாக வருகின்றன.

பார்க்க வேண்டியவை அதிகமில்லை. குழலுக்குள் வெளிச்சம் அடித்துத் துரு, குழி இருக்கிறதா என்று பாருங்கள். குழல் முனையின் விளிம்பில் தட்டுப்பட்ட காயம் இருந்தால் குறி சிதறும். கட்டை இரும்போடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கலாம். டம்மி தோட்டாக்களை நிரப்பி வேகமாகவும் மெதுவாகவும் லீவரை ஆட்டிப் பாருங்கள். தேய்ந்த 336இல், உள்ளே தோட்டாவைத் தூக்கிவிடும் பாகத்துக்கு அடியில் அடுத்த தோட்டா நழுவி மொத்தமும் இறுகிக்கொள்ளும். துப்பாக்கி மெக்கானிக் சரிசெய்துவிடுவார், ஆனால் விலையில் குறைத்துக் கேளுங்கள். டிரிகர் லொடலொட என்று ஆடினால் பயப்பட வேண்டாம், பழைய மார்லின்களில் அது பிறவிக்குணம்.

கடைக்காரர் வின்செஸ்டர் 94 காட்டியிருந்தால்கூட உங்களுக்கு நான் மார்லினைத்தான் சொல்லியிருப்பேன். பழைய 94இல் காலிக்கூடு மேலே தெறிக்கும், ஸ்கோப் மாட்டத் தொல்லை. 336இன் மேல்பக்கம் மூடியிருக்கும், கூடு பக்கவாட்டில் போகும். ஒன்றிலிருந்து நான்கு மடங்கு, மிஞ்சிப்போனால் இரண்டிலிருந்து ஏழு மடங்கு ஸ்கோப் போதும். மாட்டினால் ஹேமருக்குப் பக்கவாட்டு நீட்டிப்பு ஒன்றும் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்கோப்புக்கு அடியில் கட்டைவிரல் நுழையாது. நூறு கெஜத்தில் குண்டு இரண்டு அங்குலம் உயரே படும்படி வைத்துக்கொண்டால், நூற்றைம்பது வரை மானின் நெஞ்சுப் பகுதியில் நேராகக் குறி வைக்கலாம். மேஜையில் வைத்துச் சுட்டுத் திருப்தி அடையாமல், உட்கார்ந்தும் முட்டி போட்டும் பழகுங்கள்.

வேட்டை நாளுக்குச் சில விஷயங்கள். ரைஃபிள் பருவம் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பரின் நான்காவது வியாழன்) அடுத்த சனிக்கிழமை தொடங்கும். தலை, நெஞ்சு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு கட்டாயம். தோட்டா நிரப்பிய ரைஃபிளை வண்டிக்குள் வைக்கவும் கூடாது, வண்டியில் சாய்க்கவும் கூடாது. கொம்பு அளவு விதி பகுதிக்குப் பகுதி மாறும். பெண் மானுக்குத் தனி உரிமம் வேண்டும். பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள், இதயமும் நுரையீரலும் அங்கேதான். மான் ஓடினால் பின்னாலேயே ஓடாதீர்கள். லீவரை இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, மான் கடைசியாக நின்ற இடத்தை மனதில் குறித்துவிட்டு, அரைமணி நேரம் காத்திருந்து ரத்தத் தடத்தைப் பிடியுங்கள். கிடைத்ததும், நகர்த்துவதற்கு முன்பே காதில் சீட்டைக் கட்ட வேண்டும். பத்து நாளுக்குள் ஆணையத்துக்குத் தகவல் தர வேண்டும். மான்களுக்கு மூளை நோய் பரவியிருக்கும் பகுதிகளிலிருந்து தலையையும் முதுகெலும்பையும் வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. உங்கள் முகாம் அப்படிப்பட்ட பகுதியில் இருக்கிறதா என்று ஆணையத்தின் வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் எலும்பு நீக்கி, இறைச்சியை மட்டும் ஐஸ் பெட்டியில் வீட்டுக்கு எடுத்து வரலாம்.