அஞ்சா, பத்தா, பதினஞ்சா? ரெப்ஸ் (ஒரு செட்டுல, அதாவது நடுவுல ரெஸ்ட் எடுக்காம, எத்தனை தடவை தூக்குறீங்கங்கிறது) பத்தி நீங்க கேட்டது

மேலூர் தம்பி: ஒரு வருசமா எல்லாத்துக்கும் 3 செட் 10 ரெப்ஸ் தான்ணே, பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கிட்டு நெஞ்சுக்கு மேல தூக்குறது) 50 கிலோவுலயே நிக்குது.

நிக்கத்தான் செய்யும். இந்த 3 செட் 10 கணக்கு 1940கள்ல தாமஸ் டிலோர்ம்னு ஒரு அமெரிக்க மிலிட்டரி டாக்டர், அடிபட்ட சோல்ஜர்ங்க தேறி வர்றதுக்காகக் கொண்டு வந்தது, அதுலயும் மொத செட் பாதி வெயிட், ரெண்டாவது முக்கால், மூணாவது தான் முழுசு, பலம் ஏற ஏற வெயிட்டும் கூடணும், நம்மாளுங்க அதையெல்லாம் விட்டுட்டு பத்த மட்டும் புடிச்சுக்கிட்டாங்க. பலம்தான் வேணும்னா பெஞ்ச், ஸ்குவாட் (வெயிட்டோட உக்காந்து எந்திரிக்கிறது), டெட்லிஃப்ட்டுக்கு (தரையிலருந்து தூக்கி நிக்கிறது) 3லருந்து 6 ரெப்ஸ், 4 இல்ல 5 செட். நீங்க 52.5 கிலோவுல 5 செட் 5 ரெப்ஸ் ஆரம்பிங்க, எல்லா செட்டும் சுத்தமா வந்தாத்தான் அடுத்த தடவை 2.5 கிலோ ஏத்தணும். பக்கத்துக்கு ஒண்ணாப் போட 1.25 கிலோ பிளேட்டைத் தேடுங்க, எந்த ஜிம்லயும் அது ஏதாச்சும் மெஷினுக்கு அடியிலதான் கிடக்கும். கர்ல் (முழங்கைய மடக்கித் தூக்குறது) மாதிரி சின்ன ஐட்டத்துக்கு அதே 10, 12 போதும்.

பாலமேடு: தைக்கு மாடு புடிக்க எறங்கணும், என்ன போடலாம்?

திமில்ல தொங்கப் போறவருக்கு கையும் முதுகும்தான் முக்கியம். இடுப்புல வெயிட் கட்டி புல்அப் 5 செட் 3 ரெப்ஸ், டெட்லிஃப்ட் 4 செட் 4, கடைசியா ரெண்டு கையிலயும் கனமான டம்பெல்லத் தூக்கிக்கிட்டு அரை நிமிசம் நடை, நாலு தடவை. இளவட்டக்கல்ல தோளுக்கு மேல போட்டா ஒத்த ரெப் தானே, பதினஞ்சு தடவை யாரு தூக்கச் சொன்னா? கடைசி வாரம் வெயிட்டக் குறைக்காம செட்ட பாதியாக்குங்க, கை காலெல்லாம் வலியோட வாடிவாசல்ல போய் நிக்காதீங்க.

அண்ணா நகர் அக்கா: 48 வயசு, பிபி இருக்கு, வீட்டுல 5 கிலோ டம்பெல் ரெண்டுதான்.

தாராளமா போதும்க்கா, மொதல்ல டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. வெயிட் கம்மின்னா ரெப்ஸ் 15, 20ன்னு போகணும், கடைசி ரெண்டு ரெப்ஸ் திணறணும், சீரியல் பாத்துக்கிட்டே முடிஞ்சுட்டா அது செட்டே இல்ல. மூச்ச மட்டும் அடக்கிராதீங்க, தூக்கும்போது விடணும்.

திருமங்கலம்: ரெஸ்ட் எவ்வளவுண்ணே?

ஹெவி செட்டுக்கு 3லருந்து 5 நிமிசம், மத்ததுக்கு ஒண்ணரை. சாயங்காலம் ஜிம்ல வெயிட் வைக்கிற ரேக்குக்குப் பின்னாடி ரெண்டு பேரு மொறச்சுக்கிட்டு நின்னா அவங்களையும் சேத்துக்கங்க, அவங்க போட்டு முடிக்கிறதுக்குள்ள உங்க ரெஸ்ட் முடிஞ்சிரும்.