எல்.ஏ. ஏர்ஸ்பேஸ்ல சின்ன விமானம்: உங்க கேள்விகளுக்குப் பதில்

இந்த தடவை வந்த கேள்வில முக்கால்வாசி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் செஸ்னா, பைப்பர் ஓட்டறவங்க கேட்டதுதான், அதனால ஒண்ணா போட்டுட்டேன்.

கேள்வி: ஃப்ளைட் ஃபாலோயிங் (கன்ட்ரோலர் ரேடார்ல நம்மளைப் பாத்துட்டே வர்ற சேவை) வாங்கியாச்சு, "ரேடார் கான்டாக்ட்"னும் சொல்லிட்டாங்க. க்ளாஸ் ப்ராவோக்குள்ள (பெரிய ஏர்போர்ட்டைச் சுத்தி இருக்கற கட்டுப்பாடு உள்ள வான்வெளி) போயிடலாம்ல?

போகக்கூடாது. உங்க கால்சைன் (ரேடியோல விமானத்தைக் கூப்பிடற பேர்) சொல்லி "க்ளியர்ட் இன்டூ த க்ளாஸ் ப்ராவோ"ன்னு காதுல விழணும். ஸ்குவாக் நம்பர் (ட்ரான்ஸ்பான்டர்ல, அதாவது ரேடாருக்குப் பதில் சொல்ற கருவில, போடற நாலு இலக்க கோட்) குடுத்தது, ரேடார்ல தெரியறது, கன்ட்ரோலர் நல்லா பேசினது எதுவுமே க்ளியரன்ஸ் ஆகாது, சந்தேகம்னா வெட்கப்படாம கேட்டுடுங்க, ரெண்டு செகண்ட் வேலை. ஜான் வேன் ஏர்போர்ட் மாதிரி க்ளாஸ் சி (ப்ராவோவை விட சின்ன கட்டுப்பாட்டு வான்வெளி) வேற கதை. உங்க கால்சைனைச் சொல்லி "ஸ்டேண்ட்பை"ன்னாலே உள்ள போலாம், ஆனா "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டேண்ட்பை"ன்னு மொட்டையா சொன்னா வெளியவே சுத்திட்டு இருங்க.

கேள்வி: எல்.ஏ.எக்ஸ். (லாஸ் ஏஞ்சலஸ் ஏர்போர்ட்) தலைக்கு மேல யார்கிட்டயும் க்ளியரன்ஸ் கேக்காமலே தாண்டலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான், கதை விடறானா?

நிஜமாத்தான் சொல்றான். ஸ்பெஷல் ஃப்ளைட் ரூல்ஸ் ஏரியான்னு ஒரு பாதை இருக்கு, சான்டா மோனிகா வி.ஓ.ஆர்.ரோட (தரையில இருந்து திசை காட்டற ரேடியோ நிலையம்) 132 ரேடியல், அதாவது அங்கேருந்து 132 டிகிரில போற கோடு, அது மேலயே போகணும். தென்கிழக்க போனா 3500 அடி, வடமேற்க போனா 4500. ஸ்குவாக் 1201, ஸ்பீட் 140 நாட்டுக்கு மேல கூடாது, லைட் எல்லாம் ஆன், புது டெர்மினல் ஏரியா சார்ட் (அந்த வான்வெளியோட மேப்) கையில இருக்கணும், ஜெட்டுக்கு அனுமதி இல்ல. போற வண்டிக்கும் வர வண்டிக்கும் ஒரே கோடுதான், நடுவுல இருக்கறது அந்த ஆயிரம் அடி மட்டும், அதனால ஆல்டிட்யூட் கொஞ்சம் நழுவினாலும் விளையாட்டில்ல. என் ஸ்டூடண்ட் ஒருத்தர் முதல் தடவை போனப்ப கீழ நாலு ரன்வேலயும் ஜெட் இறங்கறதை வாயைப் பொளந்து பாத்துட்டே இருந்தார், ட்ரான்ஸ்பான்டர் பாட்டுக்கு 1200லயே (கண்ணால பாத்து ஓட்டறப்ப வழக்கமா போடற கோட்) இருந்துச்சு. நான்தான் கை நீட்டி மாத்தினேன்.

கேள்வி: ப்ராவோவோட ஷெல்ஃப் (படி மாதிரி இருக்கற அடுக்கு) 5000 அடில ஆரம்பிக்குது, நான் 4900ல போறேன், தப்பா?

சட்டப்படி தப்பில்ல. ஆனா ஆல்டிமீட்டர்ல (உயரம் காட்டற கருவி) காத்தழுத்த செட்டிங் 0.1 இன்ச் தப்பா வெச்சாலே 100 அடி காலி, மதியம் ஒரு தெர்மல் (மேல எழற சூடான காத்து) தூக்குச்சுன்னா இன்னும் மோசம். நான் 300 அடியாவது கீழ விட்டுத்தான் போவேன்.

இதை நான் இவ்ளோ பெருசா பேசறதுக்கு காரணம் செரிட்டோஸ் (லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஊர்) விபத்து. 1986 ஆகஸ்ட் 31, டாரன்ஸ்ல இருந்து பிக் பேர் கிளம்பின ஒரு பைப்பர் ஆர்ச்சர், க்ளியரன்ஸ் இல்லாம இப்ப க்ளாஸ் ப்ராவோன்னு சொல்ற, அன்னிக்கு டி.சி.ஏ.ன்னு பேர் இருந்த ஏரியாக்குள்ள போய் இறங்கிட்டிருந்த ஏரோமெக்ஸிகோ டி.சி.-9 வால்ல மோதிடுச்சு. ரெண்டு விமானத்துலயும் 67 பேர், கீழ வீடுகள்ல 15 பேர் செத்துட்டாங்க. பைப்பர்ல மோட் சி (ட்ரான்ஸ்பான்டர் உயரத்தையும் அனுப்பற வசதி) கிடையாது, அதனால அது எத்தனை அடியில இருக்குன்னே கன்ட்ரோலர் ஸ்க்ரீன்ல வராது. பெரிய ஏர்போர்ட்டைச் சுத்தி 30 நாட்டிகல் மைலுக்கு மோட் சி வேணும்ங்கறது, ஏர்லைன் விமானத்துல டி.காஸ் (மோதப்போறதை எச்சரிக்கற கருவி) வேணும்ங்கறதெல்லாம் இதுக்கப்புறம் வந்ததுதான்.

கேள்வி: ஐபேட்ல ஏ.டி.எஸ்.-பி (விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பற முறை) ட்ராஃபிக் எல்லாம் தெரியுதே, இன்னும் கண்ணால தேடணுமா?

கண்டிப்பா. 2020 ஜனவரி 1ல இருந்து அந்த 30 மைலுக்குள்ள ஏ.டி.எஸ்.-பி அவுட் (அதை அனுப்பற கருவி) கட்டாயம்தான், ஆனா க்ளைடர் மாதிரி சிலதுக்கு விலக்கு இருக்கு. தலை ஐபேட்ல, விமானம் வானத்துல!

கேள்வி: ப்ராவோக்குள்ள தெரியாம நுழைஞ்சுட்டேன், "பாஸிபிள் பைலட் டீவியேஷன்"னு (பைலட் விதி மீறியிருக்கலாம்னு அர்த்தம்) சொல்லி போன் நம்பர் குடுத்துட்டாங்க. லைசென்ஸ் போயிடுமா?

முதல்ல விமானத்தை ஒழுங்கா இறக்குங்க, ரேடியோல வாக்குவாதம் வேணாம். 10 நாளைக்குள்ள நாசாவோட ஏ.எஸ்.ஆர்.எஸ். (விமானப் பாதுகாப்பு சம்பவத்தை நாமளே சொல்ற திட்டம்) ரிப்போர்ட் போட்டுடுங்க, வேணும்னே செஞ்சது இல்லன்னா பல சமயம் தண்டனைல இருந்து அது காப்பாத்தும். போன் பண்றதுக்கு முன்னாடி ஏவியேஷன் வக்கீல் ஒருத்தர்கிட்ட பேசிட்டா நல்லது.

பி.கு: அன்னிக்குப் பறந்த ட்ராக்கை ஐபேட்ல இருந்து அழிச்சுடாதீங்க.