சிசிலியின் மாலை மணி: வாசகர் கேள்வி பதில்

1282ஆம் ஆண்டு சிசிலித் தீவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக மூண்ட மக்கள் கிளர்ச்சியைப் பற்றிச் சென்ற இதழில் நான்கே வரிகளில் எழுதியிருந்தோம். அது போதாது என்று வாசகர்கள் பலர் கேட்டிருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதுமாக அந்தத் தீவின் வரலாற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சிசிலி காலங்காலமாக அயல் அரச வம்சங்களின் கையில் இருந்த தீவு என்கிறீர்கள். நார்மன்களையும் ஜெர்மானியரையும் ஏற்றுக்கொண்ட மக்கள், பிரெஞ்சுக்காரரை மட்டும் பதினாறே ஆண்டுகளில் வெட்டி வீழ்த்தும் அளவுக்கு வெறுத்தது ஏன்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: அயலான் என்ற ஒரே காரணத்துக்காக அந்த மக்கள் எந்த அரசனையும் விரட்டவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வடபிரான்சிலிருந்து கூலிப்படையாக வந்த நார்மன்கள் 1061 முதல் 1091 வரை முப்பது ஆண்டுகள் போரிட்டு, முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து தீவைக் கைப்பற்றினார்கள். அவர்களுள் இரண்டாம் ரோஜர் 1130ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பலேர்மோ நகரில் முடிசூட்டிக்கொண்டார். அவருக்காக அரண்மனைப் பட்டறையில் நெய்யப்பட்ட அரச மேலாடை இன்றும் அழியாமல் இருக்கிறது. சிவப்புப் பட்டில் பொன்னிழையால் இரண்டு சிங்கங்கள், ஒவ்வொன்றும் ஓர் ஒட்டகத்தை அமுக்கி நிற்க, நடுவே ஒரு பேரீச்சை மரம். விளிம்பு நெடுகிலும் அரபு எழுத்தில், பலேர்மோவில் ஹிஜ்ரி 528ஆம் ஆண்டில் அது செய்யப்பட்டது என்ற வாசகம். கிறித்தவ மன்னர் ஒருவர், தம் முன்னோர் வென்ற மக்களின் எழுத்தைத் தம் தோளில் சுமந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அதே நகரில் 1149இல் ஒரு மகன் தன் தாய்க்காக எழுப்பிய கல்லறைப் பலகையில் லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு என நான்கு வகை எழுத்துகளில் இரங்கல் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த இணக்கத்தை மிகைப்படுத்தவும் கூடாது. ரோஜரின் மகள் கான்ஸ்டன்ஸை மணந்த உரிமையால் 1194இல் தீவைப் பெற்ற ஜெர்மானியப் பேரரசர் ஆறாம் ஹென்றிக்கு எதிராக 1197இல் கலகம் வெடித்தது. அதை அவர் கொடூரமாக அடக்கினார். அவருடைய மகன் இரண்டாம் பிரெடரிக், கலகம் செய்த சிசிலி முஸ்லிம்களை ஆயிரக்கணக்கில் பெயர்த்து, இத்தாலிய நிலப்பகுதியில் லுச்சேரா என்ற ஊருக்கு அனுப்பிவைத்தார். ஆனாலும் பிரெடரிக் பலேர்மோவில் வளர்ந்தவர்; இறந்தபின் அந்நகரப் பேராலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். ஆள்பவர் அயல்குலத்தவராக இருந்தாலும் அரசின் தலைநகர் தீவில் இருந்தது என்பதே இதில் முக்கியம்.

அந்த நிலை 1266இல் மாறியது. பிரெடரிக்கின் வம்சத்தைப் பகைத்த போப்பாண்டவர், பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் தம்பியான அஞ்சூ சார்ல்ஸுக்குச் சிசிலியின் முடியை அளித்தார். சார்ல்ஸ் அதே ஆண்டு பெனவென்டோ போரில் பிரெடரிக்கின் மகன் மான்ஃபிரெடைக் கொன்றார். 1268இல், பதினாறே வயதான, பிரெடரிக்கின் பேரன் கான்ராடினை நேப்பிள்ஸ் சந்தைவெளியில் தலைவெட்டிக் கொல்லச் செய்தார். அப்போது சிசிலியில் எழுந்த கலகத்தை அடக்கிய பின் நிலங்களைப் பறித்துப் பிரெஞ்சுப் பிரபுக்களுக்கு வழங்கினார். தலைநகரின் இடத்தை நேப்பிள்ஸ் பிடித்துக்கொண்டது. 1270இல் துனிஸ் சிலுவைப்போரை ஒட்டி வந்துபோனதைத் தவிர அரசர் தீவில் காலடி வைக்கவில்லை.

அவசரத் தேவைக்கென்று பிரெடரிக் காலத்தில் வசூலிக்கப்பட்டு, பின்னர் ஆண்டுதோறும் கேட்கப்பட்ட பொதுவரியைச் சார்ல்ஸ் இன்னும் கடுமையாகப் பிழிந்தார். பிரெடரிக்கே தம் மரண சாசனத்தில், ‘நல்லவர்’ என்று மக்கள் நினைவில் நின்ற நார்மன் மன்னர் இரண்டாம் வில்லியம் காலத்து அளவுக்கு வரியைக் குறைக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். அதை எவரும் நிறைவேற்றவில்லை. சிசிலியில் திரட்டிய பணம், சார்ல்ஸ் கனவுகண்ட கான்ஸ்டான்டிநோபிள் படையெடுப்புக்குப் போயிற்று. 1282 வசந்த காலத்தில் அதற்கான கப்பற்படை மெசினா துறைமுகத்தில் நின்றது. படையின் உணவுக்காக உழவரின் தானியமும் ஆடுமாடுகளும் விலை கொடுக்காமலே எடுத்துச் செல்லப்பட்டன. கொடுத்தது எதுவும் தங்களிடம் திரும்பாத, முறையிடுவதற்கு அரசன் முகமே காணக் கிடைக்காத ஆட்சி அது. பிரெஞ்சு வெறுப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: அந்த மாலையில் நடந்தது உண்மையில் என்ன? அது திட்டமிட்ட சதியா? கொண்டைக்கடலையைக் காட்டி ஆளை அடையாளம் கண்டார்கள் என்பது மெய்தானா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: 1282 மார்ச் 30, ஈஸ்டருக்கு மறுநாள். பலேர்மோ மதிலுக்கு வெளியே, கருநிற எரிமலைக் கல்லைப் பதித்த பின்னல் வளைவுகளுடைய தூய ஆவி ஆலயத்தின் முன்வெளியில் மக்கள் விழாக் கொண்டாட்டத்தில் இருந்தார்கள். அங்கே வந்த பிரெஞ்சு வீரர்களுள் ஒருவன் மணமான பெண் ஒருத்தியிடம் தகாத முறையில் நடந்துகொண்டான். அவளுடைய கணவன் அவனைக் கத்தியால் குத்திக் கொன்றான். அக்கால வரலாற்றுக் குறிப்பேடுகளான நாளாகமங்கள் இந்தத் தொடக்கத்தைப் பலவாறாகச் சொன்னாலும், ஆலயத்தில் மாலைச் செபத்துக்கான மணி ஒலித்த வேளையில் ‘பிரெஞ்சுக்காரர் சாகட்டும்’ என்ற கூக்குரல் எழுந்தது என்பதில் ஒத்துப்போகின்றன. இதனால்தான் அக்கிளர்ச்சிக்கு மாலைச் செபத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

மறுநாள் விடிவதற்குள் பலேர்மோவில் சுமார் 2,000 பேர் கொல்லப்பட்டதாக மரபுக் கணக்கு கூறுகிறது. கொல்லப்பட்டவர்களுள் படைவீரர் மட்டுமன்றிப் பெண்களும் குழந்தைகளும் துறவிகளும் இருந்தார்கள். ஆட்சியின் கொடுமையைச் சொல்லும்போது இந்தக் குருதியையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

கொண்டைக்கடலைக்குச் சிசிலி மொழியில் ‘சிச்சிரி’ என்று பெயர். அதன் முதலெழுத்தையும் ‘அச்சு’, ‘பச்சை’ ஆகிய சொற்களில் வரும் வல்லொலியாகவே உச்சரிக்க வேண்டும்; பிரெஞ்சு நாவில் அது ‘சிறகு’ என்பதில் வருவதுபோல் மென்மையாகக் குழைந்துவிடும். ஐயத்துக்குரியவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லி, நாக்குப் பிறழ்ந்தவரைக் கொன்றார்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். இது மெய்ப்பிக்கப்பட்ட செய்தி அன்று, தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் கதை.

சதியைப் பொறுத்தவரை, மான்ஃபிரெடின் அரசவையில் இருந்து தப்பிய சலேர்னோ மருத்துவர் ஜான் புரோசிடாதான் மாறுவேடத்தில் நாடு நாடாகச் சுற்றி அனைத்தையும் ஏற்பாடு செய்தார் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கான்ஸ்டான்டிநோபிளை ஆண்ட பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மைக்கேலுக்கும், ஸ்பெயின் பகுதியிலிருந்த அரகான் நாட்டின் மன்னர் பீட்டருக்கும் சார்ல்ஸின் வீழ்ச்சியில் ஆதாயம் இருந்தது; பைசாந்தியத் தங்கம் கைமாறியதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் தங்கம் கொடுத்து ஒரு தீவு முழுவதையும் ஒரே மாலையில் கொதிக்கச் செய்ய முடியாது. பலேர்மோவைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் மிக்கேலே அமாரி 1842இல் வெளியிட்ட நூலில், இது சதிகாரர் வேலையன்று, மக்களின் எழுச்சியே என்று ஆவணங்களைக் கொண்டு வாதிட்டார். அன்று தீவை ஆண்ட பூர்போன் வம்ச அரசு தன்னைக் குறித்தே அவர் எழுதியதாகக் கருதி நூலைத் தடை செய்தது; அமாரி பாரிஸுக்கு வெளியேற நேர்ந்தது. அவர் கட்சியே என் கட்சியும்.

கேள்வி: ஓர் அயலானை விரட்டிவிட்டு உடனே இன்னோர் அயலானான ஸ்பெயின் தேசத்து மன்னனை அழைத்தது முரண் இல்லையா? (யாழ்ப்பாணம் வாசகி)

பதில்: முதலில் அவர்கள் எந்த மன்னனையும் அழைக்கவில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. பலேர்மோ தன்னைச் சுயாட்சி நகரமாக அறிவித்துக்கொண்டது. ஏப்ரல் 28 அன்று மெசினாவும் எழுந்து, துறைமுகத்தில் நின்ற சார்ல்ஸின் கப்பற்படைக்குத் தீயிட்டு, அதே வழியில் சேர்ந்துகொண்டது. இந்நகரங்கள் போப்பாண்டவரின் பாதுகாப்பில் குடியரசுகளாக இருக்க அனுமதி கேட்டுத் தூது அனுப்பின. போப்பாண்டவர் நான்காம் மார்ட்டின் பிரெஞ்சுக்காரர்; சார்ல்ஸின் ஆதரவால் அப்பதவியை அடைந்தவர். சிசிலித் தூதர்கள் அவர்முன் மண்டியிட்டு, ‘உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே, எங்கள்மேல் இரக்கம் வையும்’ என்று திருப்பலி மன்றாட்டை மும்முறை சொன்னார்களாம். அதற்கு அவர், ‘யூதரின் அரசே வாழ்க என்று சொல்லி, அவரைக் கன்னத்தில் அறைந்தார்கள்’ என்ற நற்செய்தி வாசகத்தை மும்முறை திருப்பிச் சொல்லி அனுப்பிவிட்டதாக நாளாகமங்கள் கூறுகின்றன.

அதன்பிறகு என்ன செய்வார்கள்? சார்ல்ஸ் பெரும்படையுடன் கடல் கடந்து மெசினாவை முற்றுகையிட்டுவிட்டார். அரகான் மன்னர் மூன்றாம் பீட்டர் வட ஆப்பிரிக்கக் கரையில் கப்பற்படையோடு இருந்தார். அவருடைய மனைவி மான்ஃபிரெடின் மகள். அந்த வழியில் அவருக்கு உரிமை இருந்தது. சிசிலியர் அவரிடம் போனார்கள். ஆகஸ்ட் 30 அன்று திராப்பனியில் கரையிறங்கிய பீட்டர், நல்லவர் வில்லியம் காலத்து உரிமைகளையும் வழக்கங்களையும் காப்பதாகப் பலேர்மோ மக்களுக்கு வாக்களித்த பிறகே அரசராக ஏற்கப்பட்டார். மக்கள் தங்களுக்கு ஓர் அரசனை நிபந்தனையோடு தேடிக்கொண்டார்கள். ஆகவே இதை முரண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த நிபந்தனைக்குச் சோதனை 1295இல் வந்தது. பீட்டரின் மகன் இரண்டாம் ஜேம்ஸ், அனாக்னி உடன்படிக்கையில் அஞ்சூ குலத்துப் பெண்ணை மணக்கவும் சார்டினியா, கோர்சிகா தீவுகளின் உரிமையைப் பெறவும் இசைந்து, அதற்கு ஈடாகச் சிசிலியை விட்டுக்கொடுத்தார். பதின்மூன்று ஆண்டுகள் போரிட்டுக் காத்த மண்ணை ஒரு திருமணப் பேச்சில் கைமாற்றியதை மக்கள் ஏற்கவில்லை. சிசிலிய நாடாளுமன்றம் ஜேம்ஸை ஒதுக்கி, அவர் தம்பி பிரெடரிக்கைத் தேர்ந்தெடுத்து, 1296 மார்ச் 25 அன்று பலேர்மோவில் முடிசூட்டியது. மக்கள் பிரதிநிதிகளின் இசைவின்றிப் போரோ உடன்படிக்கையோ செய்வதில்லை, ஆண்டுக்கொருமுறை அனைத்துப் புனிதர் திருநாளில் நாடாளுமன்றத்தைக் கூட்டுவது என்று புதிய மன்னர் சட்டமாகவே எழுதிக் கொடுத்தார். 1299இல் ஓர்லாண்டோ முனையருகே நடந்த கடற்போரில் அண்ணன் ஜேம்ஸின் கப்பல்களும் தம்பியின் கப்பல்களும் நேருக்கு நேர் மோதி, தம்பி தோற்றார்; அப்போதும் தீவு அவரைக் கைவிடவில்லை. அதனால்தான் 1302இல் கல்தாபெல்லோத்தா உடன்படிக்கையில் அஞ்சூ வம்சம் அவரை அரசராக ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கேள்வி: ‘இரு சிசிலிகளின் அரசு’ என்று வரைபடங்களில் காண்கிறோம். இரண்டாவது சிசிலி எங்கே இருக்கிறது? (கோவை மாணவர்)

பதில்: இரண்டாவது தீவு ஏதும் இல்லை. 1282க்குப் பிறகு தீவை இழந்த அஞ்சூ வம்சம் நேப்பிள்ஸில் இருந்துகொண்டே தன்னைச் சிசிலி அரசு என்று அழைத்துக்கொள்வதை நிறுத்தவில்லை. கல்தாபெல்லோத்தா உடன்படிக்கையில் பிரெடரிக்குக்கு, தீவின் பழம்பெயரைக் கொண்டு, ‘திரினாக்ரியா மன்னர்’ என்ற வேறு பட்டம் கொடுத்ததும் இதனால்தான். 1442இல் அரகானின் ஐந்தாம் அல்போன்சோ நேப்பிள்ஸையும் வென்றபோது ‘இரு சிசிலிகளின்’ மன்னரானார். பூர்போன் வம்சம் 1816இல் இரண்டையும் ஒரே அரசாக்கி அந்தப் பெயரையே சூட்டியது.

கேள்வி: 1296இல் பெற்ற உரிமைகள் பின்னாளில் என்னவாயின? (சென்னை வாசகர்)

பதில்: தீவுக்கென்று தனியாக இருந்த அரகான் கிளை 1409இல் அற்றுப்போனதும், அரசர் மீண்டும் தொலைவுக்குப் போய்விட்டார். 1415 முதல் பார்சிலோனாவிலும் பிறகு மாட்ரிட்டிலும் இருந்து அனுப்பப்பட்ட அரசப் பிரதிநிதிகளே ஆண்டார்கள். நாடாளுமன்றம் கலைக்கப்படவில்லை. அரசர் கேட்கும் பணத்தை ‘நன்கொடை’ என்ற பெயரில் வாக்களித்துக் கொடுப்பதே அதன் முக்கிய வேலையாகச் சுருங்கியது. பிரபுக்கள் தங்கள் சலுகைகளை அதைக்கொண்டு காத்துக்கொண்டார்கள், உழவருக்கு அதனால் கிடைத்தது சொற்பம். மதக் கொள்கையிலிருந்து விலகியவர்களைத் தண்டித்த ஸ்பானிய விசாரணை மன்றம் பலேர்மோவின் ஸ்தேரி மாளிகையில் சிறைவைத்தவர்கள் சுவரெங்கும் வரைந்த புனிதர் உருவங்களும் எழுதிய பாடல்களும் 1906இல் சுண்ணாம்புப் பூச்சின் அடியிலிருந்து வெளிப்பட்டன; அக்கால ஆட்சியைப் பற்றி எந்த அரசாணையையும்விட அச்சுவர்கள் அதிகம் பேசுகின்றன.

1713இல் சவாய் வம்சம், 1720இல் ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் வம்சம், 1734இல் பூர்போன் வம்சம் என்று, தீவு மக்களை எவரும் கேட்காமலே முடி கைமாறியது. 1812இல் கிடைத்த புதிய அரசியல் சட்டத்தையும் தனி நாடாளுமன்றத்தையும் 1816இன் இணைப்பு விழுங்கிவிட்டது.

1848 சனவரி 12 அன்று பலேர்மோ மீண்டும் எழுந்தது. அந்த ஆண்டில் ஐரோப்பாவெங்கும் பரவிய புரட்சிகளுள் அதுவே முதலாவது. நாடுகடந்து வாழ்ந்த அமாரி திரும்பிவந்து புரட்சி அரசின் நிதியமைச்சரானார். ஏப்ரல் 13 அன்று நாடாளுமன்றம் பூர்போன் வம்சத்தை அரியணையிலிருந்து நீக்கியது. ஜூலையில் சட்டம் ஒன்றை இயற்றி, அதன்படி ஆள இசையுமாறு சவாய் வம்சத்து இளவரசரான ஜெனோவா கோமகனுக்கு முடியை அளிக்க முன்வந்தது. 1282இலும் 1296இலும் செய்ததையே அவர்கள் மூன்றாம் முறையும் செய்தார்கள். இந்த முறை அழைக்கப்பட்டவர் வரவில்லை. 1849 மே மாதத்தில் பூர்போன் படை பலேர்மோவுக்குள் நுழைந்தது.