ராலிங்ஸ் சுட்டதும் சுத்தமும்

கேள்வி: கானாவில் ஜெரி ராலிங்ஸ் என்ற ராணுவ அதிகாரி, ஊழல் ஆட்சியாளர்களை ஒரே மாதத்தில் சுட்டுத் தள்ளி நாட்டைச் சுத்தம் செய்தாராமே! அப்படி ஒருவர் வந்தால்தான் எந்த நாடும் உருப்படும். சரிதானே?
- வாசகர், விருதுநகர்

பதில்: சரியில்லை. கலகம் செய்த வழக்கில் சிறையில் இருந்த விமானப்படை அதிகாரி ராலிங்ஸை, 1979 ஜூன் 4 அன்று சிப்பாய்கள் மீட்டு ஆட்சியில் அமர்த்தினார்கள். அந்த மாதமே அச்சாம்பொங், அகுஃபோ, அஃப்ரிஃபா என்று மூன்று முன்னாள் ஆட்சித் தலைவர்கள் உட்பட எட்டு ராணுவ உயரதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அச்சாம்பொங் காலத்து விலைவாசியில் மக்கள் நொந்துபோயிருந்தது உண்மைதான். அதற்காக ரகசியமாக, அவசர அவசரமாக விசாரித்து, மேல்முறையீடே இல்லாமல் கொல்வதா? ஆகஸ்டில், பதுக்கல் என்று சொல்லி தலைநகர் அக்ராவின் மகோலா சந்தையையே இடித்தார்கள். அங்கே வயிறு பிழைத்தவர்கள் பெரும்பாலும் பெண் வியாபாரிகள். இதைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

செப்டம்பரில், தேர்தலில் வென்ற லிமானிடம் ராலிங்ஸ் ஆட்சியைக் கொடுத்தார். 1981 டிசம்பர் 31 அன்று அவரையே கவிழ்த்தார். அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததைத்தான் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூன் 30 இரவு, ஊரடங்கு நேரத்தில், மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகளையும் ஓய்வுபெற்ற மேஜர் ஒருவரையும் வீடு புகுந்து கடத்திக் கொன்றார்கள். நீதிபதிகளில் ஒருவரான சிசிலியா கொரான்டெங்-அடோ கைக்குழந்தைக்காரி. 1979இல் ராலிங்ஸ் ஆட்சி சிறைக்கு அனுப்பியவர்களில் சிலரை விடுதலை செய்து தீர்ப்பளித்தவர்கள் இந்த நீதிபதிகள். இந்தக் கொலைக்காக மரண தண்டனை பெற்றவர்களில் ராலிங்ஸின் ஆட்சிக் குழுவிலேயே உறுப்பினராக இருந்த அமார்டே க்வேயும் ஒருவர். தனக்குத் தொடர்பில்லை என்றார் ராலிங்ஸ். சுட்டுச் சுத்தம் செய்த நாட்டில், தீர்ப்பு எழுதியவருக்கே உயிர்ப் பாதுகாப்பு இல்லை ஐயா!

ராலிங்ஸிடம் பாராட்ட ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. 1992, 1996 தேர்தல்களில் வென்று அதிபராக இருந்தவர், இரண்டு தவணை முடிந்ததும் ஒதுங்கினார். அவர் கட்சி வேட்பாளர் தோற்றபோது, 2001 ஜனவரியில் எதிர்க்கட்சியின் குஃபுவோரிடம் ஆட்சியை அமைதியாக ஒப்படைத்தார். கானா மக்கள் இன்றும் ஆட்சியை வாக்குச்சீட்டால் மாற்றுகிறார்கள். அந்த நாடு உருப்பட்ட வழி அதுதான்.

ஆனால் 1992 அரசியல் சட்டத்தின் கடைசிப் பக்கங்களையும் பாருங்கள். ராலிங்ஸின் இரண்டு ராணுவ ஆட்சிகளிலும் இருந்தவர்கள் மீது, ஆட்சியில் செய்த எதற்காகவும் எந்த நீதிமன்றமும் வழக்கை ஏற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நாடாளுமன்றம் நினைத்தாலும் அந்தப் பிரிவைத் திருத்த முடியாது.