சேலத்தில் செஸ் ஆட ஆள் தேடுறீங்களா? கேட்டவர்களுக்குப் பதில்

ஏழு வருஷமாக ஞாயிறு சாயங்காலம் அழகாபுரம் பக்கம் ஒரு மொட்டைமாடியில் செஸ் கூட்டம் நடத்துகிறேன். அதை வைத்துக் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேலை மாறி சூரமங்கலம் வந்திருக்கேன். போனில்தான் ஆடுறேன். எதிரே உட்கார்ந்து ஆட ஆளை எங்கே பிடிப்பது?

பள்ளிக்கூடங்களில் சின்னப் பசங்களுக்கு டோர்னமென்ட் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, வாசலில் போய் நில்லுங்க. உள்ளே பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்க, வெளியே அப்பாக்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பைக் மேல் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள், அதில் பாதிப் பேருக்கு ஆட்டம் தெரியும், யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நான் ஒரு ரெக்சின் போர்டை வேப்பமரத்தடியில் விரித்து, காயை அடுக்கி, வெள்ளைக்கு ராஜா முன்னால் இருந்த சிப்பாயை மட்டும் இரண்டு கட்டம் நகர்த்திவிட்டு சும்மா உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் வந்தார், பேர்கூடச் சொல்லவில்லை, நின்றபடியே கறுப்புச் சிப்பாயைத் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இன்றைக்கும் எங்கள் கூட்டத்தில் முதலில் வந்து பாய் விரிப்பவர் அவர்தான்.

எத்தனை பேர் சேர்ந்தால் கிளப் ஆரம்பிக்கலாம் அண்ணா?

நீங்களும் இன்னொருத்தரும். பதிவு செய்த சங்கமாகத்தான் வேண்டும் என்றால் 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும், ஆனால் அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம். நாளும் நேரமும் மாறக்கூடாது, அதுதான் முக்கியம். வாட்ஸப்பில் "இந்த வாரம் யார் யார் வர்றீங்க?" என்று கேட்க ஆரம்பித்தால் கிளப் படுத்துவிடும், எல்லாரும் அடுத்தவர் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். ஒரு மழை நாளில் நான் மட்டும் படிக்கட்டுக்கு அடியில் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் நாலு பேர்.

ஆறு பேர் ஆகிவிட்டால் எல்லாரும் எல்லாரோடும் ஆடும் லீக் வைங்க, 5 சுற்று, 15 ஆட்டம். ஆளுக்கு 15 நிமிஷம் என்றால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும்.

இடம்?

டீக்கடையில் இரண்டு போர்டு வரை ஒத்துக்கொள்வார்கள், நாலு ஆனால் கடைக்காரர் முகம் மாறும். வந்தவர் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட்டாவது வாங்கித் தின்றால் முகம் திரும்பவும் மலரும். ஓசியில் கிடைத்த ஒரு மண்டபத்தை நம்பி நாங்கள் மோசம் போனோம், முகூர்த்த நாள் வந்ததும் சொல்லாமல் பூட்டிவிட்டார்கள். அன்றைக்கு தெருவிளக்கடியில் ஆடினோம். அப்புறம்தான் மொட்டைமாடி.

ஏற்காட்டில் இருக்கோம். சனி, ஞாயிறு வைக்கலாமா?

வேண்டாம். உங்க ஊரில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் வியாபாரம். வாரநாளில் மதியம் வைங்க, சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள் இருட்டுமுன் வீடு திரும்பணும். சேலத்துக்காரர்களைக் கூப்பிட்டாலும் அப்படித்தான், பனிமூட்டத்தில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவது விளையாட்டில்லை. அட்டை போர்டு அங்கே ஈரத்தில் உப்பிவிடும், ரெக்சின்தான் சரி.

என்னென்ன வாங்கணும்?

5 முதல் 6 சென்டிமீட்டர் கட்டம், சுமார் 9.5 சென்டிமீட்டர் ராஜா, இதுதான் டோர்னமென்ட் அளவு. கடிகாரத்துக்கு முதலில் போன் ஆப் போதும். செட்டுக்கு ஒரு ராணி கூடுதலாக வைத்துக்கோங்க. சிப்பாய் கடைசிக் கட்டம் போனதும் யானையைக் கவிழ்த்து வைத்து "இது ராணி" என்பது நம் வீட்டு வழக்கம், டோர்னமென்டில் கவிழ்த்தாலும் அது யானைதான்.

ஒருத்தரே எல்லாரையும் ஜெயிக்கிறார், மற்றவர்கள் வருவதை நிறுத்திட்டாங்க.

அவருக்கு 3 நிமிஷம், எதிராளிக்கு 10 நிமிஷம் கொடுங்க. ஆட்டம் முடிந்ததும் எங்கே தப்பு நடந்தது என்று அவரே உட்கார்ந்து காட்டணும், இது கட்டாயம். பன்னிரண்டு வயசுப் பையனிடம் தோற்றுவிட்டு முகம் தொங்கும் பெரியவர்களுக்கு நான் சொல்வது: குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு வயசு 18. நமக்கு என்ன வெட்கம்?

இங்கே ஆடினால் ரேட்டிங் வருமா?

வராது. ரேட்டிங் என்பது ஆட்டத் திறனுக்கு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் புள்ளி. அதற்கு ஃபிடே ரேட்டிங் போட்டிகளில், ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடணும். 2024 மார்ச்சிலிருந்து ஆரம்பமே 1400, அதற்குக் கீழே பட்டியலில் இடமில்லை.

மகளை கிளாஸுக்கு விட்டுட்டு வெளியே காத்திருக்கிற அம்மா நான். ஸ்கூல்ல ஆடினது. வரலாமா?

தாராளமா வாங்க. இரண்டு விஷயம் மட்டும் மாறியிருக்கும். முதல் நகர்த்தலில் இரண்டு சிப்பாயை ஒவ்வொரு கட்டம் தள்ளும் பழைய வீட்டு விதி இங்கே கிடையாது. தொட்ட காயைத்தான் ஆடணும், அதனால் கோட்டை கட்டும்போது (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி வைப்பது) ராஜாவை முதலில் தொடுங்க. மகளையும் கூட்டிட்டு வாங்க, ஆனால் முதல் ஆட்டம் அவளோடு வேண்டாம், வேறு ஆள் போடுகிறேன்.