பிங்க் புக்குல டிக் இருந்தா போதுமா? கர்ப்பிணிங்க கேட்ட கேள்விக்கு மிஸ்ஸி அக்கா பதில்

வணக்கம். மலேசியாவுல, பினாங்கு தாய் சேய் கிளினிக்குங்கள்ல 27 வருஷம் மிஸ்ஸியா, அதாவது நர்ஸா இருந்துட்டு இப்ப ஓய்வுல பிறையில இருக்கேன். என் மருமகப் பொண்ணு ஆறு மாசம், போன வாரம் அவ பிங்க் புக்க, அதான் கிளினிக்குல குடுக்கற கர்ப்பப் பதிவு புக்கப் புரட்டுனேன், கேள்விக் கட்டம் ஒண்ணுல டிக் இருக்கு, கேட்டா "அப்படி யாரும் எங்கிட்ட கேக்கவே இல்லையே அத்த"ங்கறா. ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. என்ன செய்யணும்னு ரூல் எல்லாம் நல்லாத்தான் எழுதி வச்சிருக்கு, அத செய்றாங்களான்னு பாக்க வேண்டியது யாரு? அதான் கேளுங்கன்னு சொன்னேன், இவ்ளோ பேர் கேட்டுட்டீங்க.

கேள்வி (ஜெலுத்தோங், முதல் பிள்ளை, 14 வாரம்): அக்கா, கிளினிக்குல உண்மையில என்னென்ன பாக்கணும்? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

ஒவ்வொரு தடவையும் பிரஷர், எடை, மூத்திரத்துல புரோட்டீனும் சர்க்கரையும், கால் வீங்கியிருக்கா, வயிறு எவ்ளோ வளந்திருக்கு, கொஞ்சம் மாசம் ஏறுனதும் பிள்ளையோட இதயத் துடிப்பு. முதல் விசிட்ல ரத்த வகை, ரத்த அளவு (ஹீமோகுளோபின்), எச்ஐவி, சிபிலிஸ், ஹெப்பாடைட்டிஸ் பி இதெல்லாம் எடுத்துருவாங்க. ரத்தம் 11க்குக் கீழ இருந்தா ரத்த சோகை, நம்ம பொண்ணுங்களுக்கு இது நிறைய வருது, குடுக்கற இரும்பு மாத்திரைய தே தாரேக் கூட முழுங்காதம்மா, டீ அத உடம்புல சேர விடாது. கால்சியம் மாத்திரையும் வேற நேரம் போடு. இரும்பு மாத்திரை போட்டா வெளிக்கி கறுப்பாத்தான் போகும், பயந்து நிறுத்திடாத.

எத்தன தடவ போகணும்னா, உலக சுகாதார நிறுவனம் 2016ல குறைஞ்சது 8 தடவைன்னு சொல்லிருச்சு, முதல் தடவ 12 வாரத்துக்குள்ள. இங்க நம்ம ஆளுங்க மூணு மாசம் தாண்டுனாத்தான் வெளிய சொல்லணும்னு வீட்டுலயே இருந்துடறாங்க. ஊருக்குச் சொல்ல வேண்டாம், மிஸ்ஸிகிட்ட சொல்லலாம்ல.

கேள்வி (பட்டர்வொர்த், ஒரு கணவர்): சிஸ்டர், போன தடவ மனைவிக்கு பிரஷர் 146/92ன்னு சொல்லி புக்குல மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. ஆனா நாங்க லேட்டாகி மாடி ஏறி ஓடிப் போனோம், உக்காந்த உடனே எடுத்தாங்க. இது சரியான்னு கேக்குறேன்.

தம்பி, நீங்க கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. பிரஷர் எடுக்க முறை இருக்கு. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும், முதுகு நாற்காலில சாஞ்சிருக்கணும், ரெண்டு பாதமும் தரையில, கால் மேல கால் போடக்கூடாது, கை நெஞ்சு உயரத்துல மேசை மேல இருக்கணும், எடுக்கும்போது பேச்சு கூடாது, மிஸ்ஸியும் பேசக்கூடாது. கையில சுத்தற துணிப் பட்டை அந்தக் கைக்கு ஏத்த அளவா இருக்கணும்.

இந்தப் பட்டை விஷயத்துல நானே தப்பு செஞ்சிருக்கேன். ஒரு அம்மா, கை நல்லா பருமன், பெரிய பட்டை பக்கத்து ரூம்ல இருந்துச்சு, வெளிய வரிசை நீண்டுக்கிட்டே இருக்கு, கையில இருந்த சின்னதையே இழுத்து ஒட்டி எடுத்தேன், 148/94 காட்டுச்சு. அந்த அம்மா அங்கயே அழுதுட்டாங்க, அவங்க அக்கா பிரசவத்துல பிரஷர் வந்துதான் போனாங்களாம். டாக்டர் பெரிய பட்டை போட்டு எடுத்தா 126/80. சின்னப் பட்டை போட்டா அளவ ஏத்தித்தான் காட்டும்னு எனக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சேதான் செஞ்சேன். இன்னைக்கும் அந்த முகம் ஞாபகம் இருக்கு.

ஆனா தம்பி, இத வச்சு மஞ்சள் ஸ்டிக்கரச் சும்மான்னு விட்டுறாதீங்க. 140/90 தாண்டுனா மறுபடி சரியா எடுத்துப் பாத்தே ஆகணும். மனைவிக்குத் தலைவலி, கண்ணு மங்கல், மேல் வயித்துல வலி, முகம் வீக்கம் இதுல ஒண்ணு வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுன்னு இருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கார எடுங்க. கலரு என்னன்னு கேட்டவங்களுக்கும் சேத்து சொல்றேன், வெள்ளை மிஸ்ஸியே பாத்துக்கலாம், பச்சை கிளினிக் டாக்டரும் பாக்கணும், மஞ்சள் ஸ்பெஷலிஸ்ட் பாக்கணும், சிவப்புன்னா அப்பவே ஆஸ்பத்திரி. மாசத்துக்கு மாசம் மாறும், முதல்ல வெள்ளைன்னா கடைசி வரைக்கும் வெள்ளைன்னு இல்ல.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): நான் பிரைவேட்ல பாக்குறேன் அக்கா, ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் மட்டும்தான், படம் குடுத்து அனுப்பிடறாங்க, மூத்திரமே கேக்கல.

ஸ்கேன்ல பிள்ளை முகம் தெரியும், உன் பிரஷர் தெரியாது, மூத்திரத்துல புரோட்டீன் போறது தெரியாது. வாய் விட்டுக் கேளு, "டாக்டர், யூரின் செக் பண்ணலையா"ன்னு. செய்யலன்னா பக்கத்துல கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க சுகாதார கிளினிக்குல பதிஞ்சு பிங்க் புக் வாங்கிக்கோ, ரெண்டு இடத்துலயும் பாக்கறவங்க நிறைய பேரு இருக்காங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

கேள்வி (நிபோங் திபால், பாட்டி): நான் எஸ்டேட்டுல எட்டு பெத்தேன்மா, இவ்ளோ ஊசி ரத்தம் எல்லாம் எதுக்கு?

அம்மா, நீங்க எட்டும் நல்லபடியா பெத்து எடுத்தது பெரிய புண்ணியம். ஆனா உங்க லயத்துலயே பிரசவத்துல போனவங்க ஒண்ணு ரெண்டு பேர உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். உலகம் பூரா 2020ல கூட ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 800 பொம்பளைங்க கர்ப்பத்தாலயும் பிரசவத்தாலயும் செத்தாங்க. இந்த ரத்தப் பரிசோதனையாலதான் நம்ம நாட்டுல 2018ல, அம்மாகிட்டருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிஸும் போறத ஒழிச்சாச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் குடுத்துச்சு. பேத்திய அனுப்புங்கம்மா.

கேள்வி (சுங்கை பாக்காப், மிஸ்ஸி படிப்பு படிக்கிற தங்கச்சி): அக்கா, எங்களுக்கு எல்லா ரூலும் சொல்லித் தராங்க, போஸ்டிங் போனா யாரும் முழுசா செய்யறதில்ல. தெரிஞ்சும் ஏன் செய்யறதில்ல?

தங்கச்சி, இதுக்குத்தான் நான் உக்காந்திருக்கேன். தெரியாமயா விடறாங்க, இல்ல. ஒரு காலையில 50 பேர் வருவாங்க, மூணு பேர் இருப்போம், ஒருத்தி லீவு, அப்ப எத விடுவோம்? கையில பிடிச்சு செய்யற வேலைய விட மாட்டோம், ஏன்னா நம்பர் எழுதணும். வாயால கேக்க வேண்டியத விட்டுருவோம். தலைவலி இருக்கா, பிள்ளை நல்லா ஆடுதா, வீட்டுல எல்லாம் சரியா, இதெல்லாம் கேக்காமலே மலாய்ல "தியாடா அடுவான்", அதாவது புகார் இல்லன்னு எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுவோம். ஒரு குறையும் சொல்லலையாம், கேட்டாத்தானே சொல்லுவாங்க? பின்னால புக்க பாத்து ஆடிட் பண்றவங்களுக்கு எல்லாம் ஒழுங்கா செஞ்ச மாதிரியே தெரியும். அதனாலதான் எழுத்த மட்டும் பாக்காம, பக்கத்துல நின்னு பாக்கணும், வெளிய வர தாய்மார்கிட்டயும் கேக்கணும். நின்னு பாக்கும்போது எல்லாரும் ஒழுங்கா செய்வாங்க, அதுவும் உண்மைதான்.

இந்தியாவுல உத்தரப் பிரதேசத்துல பெரிய ஆராய்ச்சி ஒண்ணு செஞ்சாங்க, 2017ல வெளிய வந்துச்சு. 120 பிரசவ இடத்துல பாதிக்கு, செக்லிஸ்ட்டும் குடுத்து கூட நின்னு சொல்லித்தர ஆளும் போட்டாங்க. ரெண்டு மாசத்துல அங்க செய்ய வேண்டியதுல 73 சதவீதம் செஞ்சாங்க, ஆள் போடாத இடத்துல 42 சதவீதம்தான். சொல்லித்தரவங்க போனப்புறம், ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகறப்ப 62க்கு இறங்கிருச்சு. சாவு எண்ணிக்கையும் குறையல. இதுல நான் புரிஞ்சுக்கிட்டது, பேப்பர் குடுத்தா மட்டும் பத்தாது, கூட ஆள் வேணும், ரத்தம், மருந்து, மேல அனுப்புனா எடுத்துக்கற ஆஸ்பத்திரி எல்லாம் சேந்து வேணும். நம்ம நாட்டுல 1991லேர்ந்து ஒவ்வொரு தாய் சாவையும் பேர் இல்லாம ரகசியமா ஆராயறாங்க, யாரையும் தண்டிக்க இல்ல, எந்த இடத்துல விட்டோம்னு பாக்க. நீ வேலைக்குச் சேந்ததும் அந்த அறிக்கைங்களப் படி. அப்புறம், எவ்ளோ கூட்டமா இருந்தாலும் அந்த மூணு கேள்விய முகத்தப் பாத்துக் கேளு, ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கேள்வி (ஆயர் ஈத்தாம், 36 வாரம்): பிள்ளை அசையறத எண்ணச் சொல்லி கட்டம் போட்ட பேப்பர் குடுத்தாங்க, எப்படின்னு சொல்லல.

காலைல 9 மணிக்கு ஆரம்பி, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கோடு, பத்து வந்தா அந்த நேரத்துல குறி போட்டுட்டு நிறுத்திக்கோ. ராத்திரி 9க்குள்ள பத்து வரலன்னா உடனே ஆஸ்பத்திரி. எப்பவும் ஆடற பிள்ளை இன்னைக்கு ரொம்ப அமைதியா இருக்குன்னு உனக்கே தோணுச்சுன்னா 9 மணி வரைக்கும் காத்திருக்காத, கிளம்பு. இனிப்புத் தண்ணி குடிச்சுப் பாக்கலாம்னு பக்கத்து வீட்டுல சொல்லுவாங்க, அதுல நேரத்த விடாத.

கேள்வி (செபராங் ஜெயா): எனக்கு கர்ப்பத்துல இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) வந்துச்சு, பிள்ளைக்கு இப்ப நாலு மாசம், பிறந்தப்புறம் யாரும் திரும்ப டெஸ்ட் பண்ணல.

பண்ணியிருக்கணும்மா. பிள்ளை பிறந்து ஆறு வாரத்துல அந்த 75 கிராம் குளுக்கோஸ் தண்ணிய மறுபடி குடிக்கச் சொல்லி பாக்கணும்னு நம்ம நாட்டு வழிகாட்டியிலயே இருக்கு. இது அடிக்கடி விட்டுப் போற ஒண்ணு, பிள்ளைக்கு ஊசி போடப் போறோம், அம்மாவ யாரும் பாக்கறதில்ல. நாளைக்கே போய் "எனக்கு டெஸ்ட் பண்ணுங்க"ன்னு கேளு. கர்ப்பத்துல வந்தவங்களுக்குப் பின்னால நிரந்தரமா வர வாய்ப்பு ஜாஸ்தி, நம்ம இனத்துக்கு இன்னும் ஜாஸ்தி.

கேள்வி (பிறை): கேட்டா மிஸ்ஸி கோவிச்சுக்குவாங்களோன்னு பயமா இருக்கு.

சில பேர் கோவிப்பாங்க, பொய் சொல்ல மாட்டேன். "நீங்க செய்யல"ன்னு ஆரம்பிக்காம "மிஸ்ஸி, இந்தக் கட்டம் என்னது, எனக்குப் புரியல"ன்னு விரல வச்சுக் கேளு. காலியா இருந்தா அவங்களே பாத்துட்டு செஞ்சுருவாங்க. எங்கிட்ட அப்படிக் கேட்டவங்க மேல எனக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்ல, நல்லவேளை கேட்டாங்கன்னுதான் இருக்கும்.

கேள்வி (பட்டர்வொர்த்): வீடு மாறும்போது பிங்க் புக் தொலைஞ்சிருச்சு அக்கா, திட்டுவாங்களா?

கொஞ்சம் திட்டுவாங்க, போ. கிளினிக்குலயும் உன் ரெக்கார்ட் இன்னொண்ணு இருக்கும், அதப் பாத்து புதுசுல எழுதித் தருவாங்க. நாளைக்குக் காலையிலயே போயிரு, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் வெறும் கையோட இருக்காத, ராத்திரி திடீர்னு ஆஸ்பத்திரிக்கு ஓடுனா அங்க டாக்டர் முதல்ல கேக்கறதே அந்த புக்கத்தான்.